அடிபடாத தோள் நொந்த நாள்

உள்நாட்டுச் சண்டை முடிந்து ஆறேழு வருடம் இருக்கும். பள்ளிக்கூடங்களுக்கு ஆவணி விடுமுறை. தென்மேற்குச் சோளகக் காற்று விடாமல் அடித்துக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை காலை, மன்னார் தீவில் தோட்டவெளிக்குப் பக்கத்தில் உள்ள தரவையில் இது நடந்தது. மழைக்காலத்தில் அங்கே முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். வெயில் காலத்தில் எல்லாம் வற்றி, மேலே உப்புப் படர்ந்து, கண்ணுக்கெட்டிய தூரம் வரை தட்டையாகக் கிடக்கும். சைக்கிள் பழகுகிறவர்களுக்கும் மோட்டார் சைக்கிள் பழகுகிறவர்களுக்கும் எங்கள் பக்கத்தில் அதுதான் மைதானம்.

நான் படகு இன்ஜின் திருத்துகிறவன். பெருமையடிக்கிறேன் என்று நினைக்க வேண்டாம், தீவுக்கு வெளியே அரிப்பு என்கிற ஊரிலிருந்துகூட இன்ஜினை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு என்னிடம் வருவார்கள். சரி, பெருமைதான் அடிக்கிறேன். அந்தப் பெருமைதான் அன்றைக்கு என் கண்ணைக் கட்டியது என்பதால் அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

என் மூத்த மகளுக்கு அப்போது பதினொரு வயது. மண் மேட்டில் ஏறி ஆகாயத்தில் பாய்கிற மோட்டார் சைக்கிள் போட்டியைத் தொலைக்காட்சியில் பார்த்த நாளிலிருந்து அவளுக்கு வேறு பேச்சே இல்லை. சாப்பிடும்போதும் அதுதான், கோயிலுக்குப் போகிற வழியிலும் அதுதான். எனக்கும் உள்ளூர ஆசை இருந்தது. புத்தளத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில் குழந்தைகள் ஓட்டுகிற சின்ன மண் பைக் ஒன்று துண்டு துண்டாகக் கிடக்கக் கண்டு, இரண்டு உரப்பையில் கட்டிக்கொண்டு வந்தேன். இரண்டு மாதம் மினக்கெட்டுப் பூட்டினேன். முதல் உதையில் அது உயிர் பெற்றபோது மகள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்காக இன்னும் நாலு பைக் பூட்டியிருப்பேன்.

ஹாண்டில் மட்டும் அவளுடைய கைக்கு அகலமாக இருந்தது. இரண்டு பக்கமும் இரண்டு அங்குலம் இரும்பு அறுக்கிற வாளால் அறுத்தேன். பிடிக்கு ரப்பர் கிடைக்கவில்லை. படகு இன்ஜின் பிடிக்குச் சுற்றுவது போல வலைநூலைச் சுற்றி இறுக்கினேன். ஹாண்டில் குழாயின் இரண்டு வாயையும் அடைக்காமல் திறந்தபடி விட்டேன். மறந்துபோய் விடவில்லை, யோசித்துத்தான் விட்டேன். கடற்கரையில் வேலை செய்கிற எவனும் குழாயின் வாயை அடைக்க மாட்டான். அடைத்தால் உப்புத் தண்ணீர் உள்ளே நின்று, வெளியே மினுங்கிக்கொண்டிருக்க உள்ளே துருப்பிடித்து ஒருநாள் பட்டென்று முறிந்துவிடும். திறந்து விட்டால் காற்றோடும், தண்ணீர் வடியும். இது எங்களுக்குப் பால்குடி வயதிலிருந்தே தெரிந்த சங்கதி. அதைப் பார்த்த இரண்டொருவர் "நல்ல வேலை" என்று மெச்சவும் செய்தார்கள்.

தரவையில் பெடியள் உழவு மெசினால் மண் தள்ளி மூன்று மேடு போட்டிருந்தார்கள். என் மகள் என்னுடைய பெரிய ஹெல்மெட்டுக்குள் துணி அடைத்துப் போட்டுக்கொண்டு, அந்த மூன்றிலும் ஏறி இறங்குவாள். அன்றைக்கு மூன்றாவது மேட்டில் நன்றாகவே பாய்ந்தாள். இறங்கின இடம்தான் பிழையாய்ப் போனது. மேலே உப்புப் பொருக்கு, கீழே ஈரச் சேறு. முன் சில்லு புதைந்தது, ஹாண்டில் சடாரென்று திரும்பி அதன் முனை அவளை நோக்கி நின்றது. அவள் அதன் மேல் போய் விழுந்தாள்.

ஓடிப்போனேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, சொல்லாமல் விட்டால் இது உண்மை அனுபவமாகாது: நான் முதலில் பைக்கைத்தான் நிமிர்த்தினேன். அதற்குள் அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். மூச்சு மட்டும் கொஞ்ச நேரம் எடுக்க முடியவில்லை. கையை மடக்கச் சொன்னேன், மடக்கினாள். காலை நீட்டச் சொன்னேன், நீட்டினாள். ஒரு கீறல் இல்லை, ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

"அப்பா, பைக்குக்கு ஒண்டும் இல்லையே?" என்றாள்.

என் பிள்ளைதான் என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்தாள், பாதியில் வைத்துவிட்டாள். பிறகு இடது தோள் நோகிறது என்றாள். இந்த விஷயத்திலும் எனக்கு ஊரில் கொஞ்சம் பெயர் உண்டு. கரைவலை இழுக்கிறவர்களுக்குத் தோள் பிடித்துக்கொண்டால் எண்ணெய் போட்டு உருவிவிடுவது நான்தான். மகளை வாசலில் கதிரையில் இருத்தி, நல்லெண்ணெய் சூடாக்கி, தோளைப் பக்குவமாக உருவினேன். தசையில் ஒரு முடிச்சும் கைக்கு அகப்படவில்லை. பாயில் படுக்கச் சொன்னேன். படுத்தால் தோள் இன்னும் கூட நோகிறது என்று எழுந்து மறுபடி கதிரையில் சாய்ந்துகொண்டாள். அது எனக்கு விசித்திரமாகத்தான் பட்டது. பட்டதோடு விட்டுவிட்டேன்.

என் மனைவி அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சருங்கோ, பிள்ளை வெளிறிப்போய்க் கிடக்கு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவமே?"

"ஒரு கீறல்கூட இல்லை, அங்க போய் என்னத்தைக் காட்டுறது? பதினொரு வயசுப் பிள்ளை மோட்டச்சைக்கிள் ஓடினதெண்டால் பொலிசுக்கும் பதில் சொல்லவேணும். பின்னேரம் பாப்பம்."

பின்னேரம் என்று நான் சொன்ன அந்தச் சொல்லை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசும். என் பிள்ளைக்குப் பின்னேரம் வரைக்கும் அவகாசம் இருக்கவில்லை என்பது எனக்குத் தெரியாது.

அந்த நேரத்தில்தான் வெள்ளை உடுப்போடு ஒரு பெண் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு எங்கள் படலையடியில் வந்து நின்றார். எங்கள் பகுதிக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருந்த மிட்வைப், வீடு வீடாகப் போய்த் தாயையும் பிள்ளையையும் பார்க்கிற மருத்துவ மாது. நானாட்டான் ஊர்ப் பக்கத்துக்காரர். நான் அதற்கு முன் அவரைக் கண்டதில்லை. அயல் வீட்டில் பச்சைக் குழந்தையை நிறுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது ஸ்கூட்டர் நின்றுவிட்டதாம். இங்கே ஒரு மெக்கானிக் இருப்பதாக யாரோ சொன்னார்களாம்.

எனக்கு உற்சாகம். மகளை விட்டுவிட்டு ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் குந்திவிட்டேன். அவர் நிழலில் வந்து நின்று மகளைப் பார்த்தார்.

"பிள்ளைக்கு என்ன அண்ணை?"

"விழுந்தவ மிஸ். தோள் பிடிச்சிருக்கு. எண்ணெய் போட்டு உருவி விட்டனான், சரியாகீரும்."

"தோளிலயோ அடிபட்டது?"

நான் ஓம் என்று சொல்ல வாயெடுத்தேன். மகள் முந்திக்கொண்டாள்.

"இல்ல மிஸ். தோளில ஒண்டும் படேல்ல. ஹாண்டில் இஞ்சதான் குத்தினது."

சட்டையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். இடது பக்கம், விலா எலும்பு முடிகிற இடத்தில் ஒரு வட்டம். பேனையால் வரைந்தது போல, நடுவில் ஒன்றும் இல்லாத சிவந்த வளையம். தோல் உரியக்கூட இல்லை. நான் அறுத்து, திறந்தபடி விட்ட குழாயின் வாய் அப்படியே அச்சாக விழுந்திருந்தது. அளவுகூட எனக்கு நன்றாகத் தெரிந்த அளவு.

அவர் மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நகத்தை அமத்திப் பார்த்தார். கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவருடைய குரல் மாறியிருந்தது.

"அண்ணை, ஸ்கூட்டரை விடுங்கோ."

"அஞ்சு நிமிசம் மிஸ். பிளக்தான், துடைச்சுப் போட்டால்..."

"ஸ்கூட்டரை விடுங்கோ எண்டு சொல்லுறன்! வாகனம் பிடியுங்கோ. அடிபடாத தோள் ஏன் நோகுது? உள்ளுக்க ரத்தம் போகுதாக்கும். எங்கட ஊரில ஒரு பிள்ளைக்கு இதே மாதிரி, சைக்கிள் ஹாண்டில் குத்தி இதே வட்டம். நாங்கள் ஒருத்தரும் கவனிக்கேல்ல. அடுத்த நாள்..."

அவர் மகளைப் பார்த்துவிட்டு அந்த வசனத்தை முடிக்காமல் விட்டார். முடிக்கத் தேவையும் இருக்கவில்லை. என் கையில் இருந்த பிளக் ஸ்பானர் எங்கே போனது என்று எனக்குத் தெரியாது.

மீன் ஏற்றுகிற என் கூட்டாளியின் வான் வண்டியில் மகளை ஏற்றினோம். மிட்வைப் அம்மா நாங்கள் கேட்காமலே கூட ஏறி, மகளைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டார். மகள் தண்ணீர் கேட்டாள். குடிக்க ஒன்றும் கொடுக்கக் கூடாது என்று சொல்லி, கைலேஞ்சித் துணியை நனைத்து உதட்டை மட்டும் துடைத்தார். வழியில் என் புத்தி எங்கே போனது பாருங்கள்.

"சைக்கிளால விழுந்ததெண்டு சொல்லுவமே மிஸ்?" என்று கேட்டேன்.

"பொலிசோட பிறகு கதைக்கலாம். டொக்டருக்குப் பொய் சொல்லாதேங்கோ அண்ணை. அவர் நீங்கள் சொல்லுறதை வைச்சுத்தான் உள்ளுக்குப் பாக்கப் போறார்."

தலையாட்டினேன். ஆனாலும் ஆஸ்பத்திரியில் முதல் ஆள் கேட்டவுடன் என் நாக்கு "சைக்கிள்" என்றுதான் புரண்டது. கட்டிலில் கிடந்த மகள் கண்ணைத் திறக்காமலே, "மோட்டச்சைக்கிள். பாய்ஞ்சு விழுந்தனான்" என்றாள். என்னைக் காட்டிக்கொடுக்கிறோம் என்ற எண்ணம் அவளுக்குத் துளியும் இல்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அங்கே எல்லோருடைய நடையும் வேகமானது.

ஸ்கான் செய்தார்கள். சத்திரசிகிச்சை டொக்டர் ஒரு சிங்கள இளைஞர். தெரிந்த தமிழை வைத்துக்கொண்டு என்னிடம் நேரே பேசினார்.

"ஐயா, மண்ணீரல் கிழிஞ்சது. வயித்துக்குள்ள ரத்தம் இருக்கு."

"எப்ப ஒபரேஷன்?"

"இப்ப இல்ல. இப்ப பாக்கிறது."

எனக்குத் தலைக்கு மேல் கோபம் வந்தது. கிழிந்தது என்கிறார், ரத்தம் போகிறது என்கிறார், பார்க்கிறது என்கிறார். என் பட்டறையில் எண்ணெய் ஒழுகுகிற இன்ஜினைக் கொண்டுவந்தால் நான் பார்த்துக்கொண்டா இருப்பேன்? உடனே கழற்ற மாட்டேனா? சத்தம் போட்டேன். என் மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

அந்தப் பிள்ளை, டொக்டரைத்தான் சொல்கிறேன், என்னைவிடப் பதினைந்து வயது குறைந்தவர், கோபிக்கவில்லை. கையுறைப் பெட்டியின் மட்டையைக் கிழித்து அதில் படம் போட்டார். இது மண்ணீரல், இது கிழிசல், இது ரத்தம். ரத்தம் மேலே போய், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் உள்ள மூச்சுத் தட்டை உரசுகிறது. அந்த இடத்துக்கும் தோளுக்கும் ஒரே நரம்பு. அதனால் குத்தினது இங்கே, நோவது அங்கே. வயர் ஓட்டம் எனக்கு விளங்கும். அவளுடைய உடம்பு காலையிலிருந்து தோள் வழியாக என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது. நான் அந்தத் தோளுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"வெட்டினா மண்ணீரலை எடுக்க வேண்டி வரும்" என்றார். "எடுத்தா வாழ்க்கை முழுக்கக் காய்ச்சல், கிருமி, பயம். சின்னப் பிள்ளைக்கு அது தானே ஒட்டும். நிறையப் பேருக்கு ஒட்டும். ஒட்டாட்டி உடனே வெட்டுவன், தியேட்டர் ரெடி. உடம்பு தைக்குது ஐயா. நாங்க காவல்."

காவல் என்றால் அப்படி ஒரு காவல். மணிக்கொரு தடவை நாடி, ரத்த அமுக்கம். சில மணிக்கொரு தடவை ரத்தம் எடுத்து அதிலுள்ள சிவப்புச் சத்தின் அளவைப் பார்த்தார்கள். அந்த அளவு இறங்கிக்கொண்டே போனால் வெட்ட வேண்டும், நின்றால் தப்பினாள். எங்களுக்கு உலகத்தில் வேறு கணக்கே இருக்கவில்லை. முதல் நாள் இறங்கியது. ரத்தம் ஏற்றினார்கள். செய்தி எப்படியோ கரைக்குப் போய், வலை இழுக்கிற ஆட்கள் உப்புக் காய்ந்த காலோடு வந்து ரத்தம் கொடுக்க வரிசையில் நின்றார்கள்.

இரண்டாம் நாள் காலை இன்னும் கொஞ்சம் இறங்கியது. டொக்டர் ஒரு தாளைக் கொண்டுவந்தார். தேவைப்பட்டால் வெட்ட நாங்கள் சம்மதம் என்று கையெழுத்துப் போடவேண்டும். அவர் காட்டிய கோட்டின் மேல் போட்டுக் கொடுத்தேன். மனைவி செபமாலையை எடுத்தாள். எனக்குச் செபமும் வரவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து மகளின் வயிற்றைப் போர்த்தியிருந்த சீலை மேலே ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் ரத்தம் எடுத்தார்கள். அதே அளவு. பின்னேரம் எடுத்தார்கள். அதே அளவு. மூன்றாம் நாள் காலை ஒரு துளி கூடியிருந்தது. அந்தத் தாதி சொன்ன அந்தச் சின்ன எண்ணைக் கேட்டு நான் குழந்தை போல அழுதேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் என்ன ஏதோ என்று பயந்துவிட்டார்கள்.

வாழ்நாளில் எத்தனையோ இன்ஜினைப் பிரித்துப் பூட்டியிருக்கிறேன். உடைந்த இடத்தை, ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஒருவரும் கை வைக்காமல், தானாகத் திருத்திக்கொண்ட ஓர் இன்ஜினை நான் கண்டதில்லை, கேள்விப்பட்டதும் இல்லை. இங்கே என் கண்ணுக்கு முன்னால், ஒரு பருத்திச் சீலைக்குக் கீழே, அது நடந்துகொண்டிருந்தது. சத்தம் இல்லை, புகை இல்லை. எந்த ரத்தம் ஒழுகியதோ அதே ரத்தம் உறைந்து கிழிசலை மூடுகிறது என்று டொக்டர் சொன்னார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கோயிலில் எத்தனை பூசை கண்டிருக்கிறேன். அந்த வார்டில் எனக்கு வந்த பயபக்தி அங்கெல்லாம் வந்ததில்லை.

எந்த நேரமும் துள்ளித் திரிகிறவள் அசையாமல் கிடக்க வேண்டியிருந்ததுதான் பெரும்பாடு. நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அப்பா, உள்ளுக்க இப்ப என்ன நடக்குது?"

"தைச்சுக்கொண்டிருக்காம்."

"ஆர்?"

"நீதான்."

கொஞ்சம் யோசித்தாள்.

"நான் ஒண்டும் செய்யேல்லையே."

சீலையை அவளுடைய கழுத்து வரை இழுத்துப் போர்த்தினேன்.

மிட்வைப் அம்மா ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து பார்த்தார். ஸ்கூட்டரைத் திருத்திக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, நன்றி சொல்ல எவ்வளவோ யோசித்துப் போனேன். "பிளக்கில கரி பிடிச்சிருந்தது மிஸ்" என்று மட்டும் சொன்னேன். அவர் சிரித்தார். அவருடைய ஊரில் ஹாண்டில் குத்திய அந்த மற்றப் பிள்ளை யார் என்று அப்போதுதான் கேட்டேன். "என்ர தம்பி" என்றார். தன் வீட்டில் விழுந்த இடியை மனதில் வைத்திருந்து, யாரென்றே தெரியாத என் வீட்டு வாசலில் அவர் அதை எனக்காகத் திறந்திருக்கிறார். அந்த மனசு எவ்வளவு பெரியது என்று அளக்க என்னிடம் கருவி இல்லை.

ஒன்பதாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள். ஆறு கிழமை, அதாவது ஒன்றரை மாதம், ஓடக் கூடாது, பாயக் கூடாது. அவள் படுத்திருந்த அந்த நாட்களில் நான் தரவைக்குப் போய், அங்கே ஓடிய பைக், சைக்கிள் எல்லாவற்றின் ஹாண்டில் வாயையும் பழைய ரப்பர்ச் செருப்பை வெட்டி அடைத்தேன். துருப்பிடிக்கும் என்று சிலர் சிரித்தார்கள். துருப்பிடிக்கட்டும், வருசத்துக்கு ஒரு குழாய் மாற்றித் தருகிறேன் என்றேன். மகளுடைய பைக்கைப் பிரித்து உரப்பையில் கட்டி வைத்துவிட்டேன். அவள் அதைக் கேட்கவே இல்லை என்று சொன்னால் பொய். ஒரு வருடம் கேட்டாள்.

ஆறு கிழமை கழித்து மறுபடி ஸ்கான். அந்த டொக்டர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். சாம்பல் நிறத்தில் ஏதோ மேகம் போல இருந்தது. அதன் நடுவே மயிரிழை அளவில் ஒரு வெள்ளைக் கோடு. "இதுதான் தையல், ஐயா" என்றார். நானும் வேலைக்காரன்தான், நல்ல வேலையைக் கண்டால் எனக்குத் தெரியும். அந்தக் கோட்டைப் போல ஒரு வேலையை நான் கண்டதில்லை.

இப்போது அவளுக்கு இருபது வயது. எதிர்த்துப் பேசுகிறாள், நேரம் பிந்தி எழும்புகிறாள், நான் பூட்டிய இன்ஜினில் பிழை கண்டுபிடிக்கிறாள். அவள் வாசலால் வருவதைச் சும்மா பார்த்துக்கொண்டு இருக்கிற நேரங்களில், இந்தப் பிள்ளையை நான் வளர்த்தேன் என்று சொல்ல எனக்கு வாய் கூசுகிறது; அவளுக்குள்ளே என்னைவிடப் பொறுமையான ஏதோ ஒன்று இருந்து அவளைத் தைத்து எனக்குத் திருப்பித் தந்தது என்றுதான் சொல்ல வருகிறது.